எல்லாக் கதவுக்கும் ஒரே முத்திரை

"லாரிக்காரர் அனுப்பினாரு."

குண்டூசி சும்மாதான் அந்த வார்த்தைய விட்டான். வாசல்ல நின்ன செக்யூரிட்டி யாரு, எவருன்னு ஒண்ணும் கேக்கல. கேட்டைத் தெறந்துவிட்டு, கூடவே ஓடிவந்து லிஃப்ட் பட்டனையும் அமுக்கி விட்டாரு.

லிஃப்ட் கதவு மூடினதும் மஃப்ளர் கேட்டாரு. "எந்த லாரிக்காரர்டா?"

"வெளிய நிக்குதே ஐஸ்பெட்டி மாதிரி ஒரு லாரி, அதோட ஓனர். யாரோ ஒரு பெரிய ஆளாத்தான் இருக்கணும்னு அடிச்சு விட்டேன் மாமா. நம்ம பேரச் சொன்னா வெயில்லயே காய விட்டிருப்பாங்க."

"பொய் சொல்லி உள்ள வர்றது தப்பு."

"உண்மையச் சொல்லி வெளிய நிக்கறது அதவிடத் தப்பு. எனக்கு மண்டைக்குக் கூரை கெடையாது, பாத்துக்கோங்க."

கெடையாதுதான். ஒல்லி ஒடம்பு, மேல பளபளன்னு உருண்டைத் தலை. நாப்பது வயசுலயும் எல்லாரும் குண்டூசின்னே கூப்பிட்டாங்க. துப்பறியறவரு மஃப்ளர்தான்; அவருக்கு இவன் பொண்டாட்டியோட தம்பி. "எந்த வேலையிலயும் நிலைக்க மாட்டேங்கறான், நீங்களே வெச்சுக்கோங்க"ன்னு அக்கா ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டு முன்னாடி சொன்னா. மறுநாள்லேர்ந்து இவன் உதவியாளர்.

மஃப்ளருக்கு ஏசி காத்து ஆகாது. எந்த ஆபீஸுக்குள்ள நொழைஞ்சாலும் கழுத்துல ஒரு பழுப்புத் துணி ஏறிடும். பேரும் அதுவே ஆயிப்போச்சு. நல்ல மனுஷன். ஆனா குண்டூசிக்கு அவர் மேல ஒரு தீராத கடுப்பு. சாவிக்கொத்த முழுசா கையில குடுத்ததே கெடையாது. காரை எடுக்கணும்னா கொத்துலேர்ந்து கார் சாவிய மட்டும் நகத்தால நெம்பிக் கழட்டிக் குடுப்பாரு. ஆபீஸ் தெறக்கணும்னா ஆபீஸ் சாவி மட்டும். மச்சினனா, வாடகைக்கு வந்தவனா?

மேல முதலாளி ரூம்ல உக்காரச் சொல்லக்கூட ஆள் இல்ல. முதலாளி நின்னபடியே ஆரம்பிச்சாரு.

"உங்களத் துப்பறியக் கூப்பிடல. துப்பெல்லாம் நானே கண்டுபிடிச்சாச்சு. திருடி யாருன்னு தெரியும். அவ வாயால ஒத்துக்க வெச்சுக் குடுங்க. சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வர்றாரு. அதுக்குள்ள முடியுமா, முடியாதா?"

"திருடு போனது என்னன்னு சொன்னா, ஒத்துக்க வைக்க வசதியா இருக்கும்"னாரு மஃப்ளர்.

முதலாளி மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டே சொன்னாரு. ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித் தர்ற கம்பெனி இது. அதுல கேன்சர் ஊசிப் பெட்டிகதான் உசிரு. ஒரு பெட்டிய வித்தா ஒரு வீடு கட்டலாம். பெட்டியெல்லாம் ஊருக்கு வெளிய வேறொருத்தர் நடத்தற கிடங்குல இருக்கு. ஒரு ஆஸ்பத்திரி பெட்டி கேட்டா, இங்க ஓடற புரோகிராம் ஒரு ரகசியச் சொல்ல உண்டாக்கும். அத ஆஸ்பத்திரிக்குச் சொல்லும், கிடங்குக்கும் சொல்லும். ஆஸ்பத்திரி ஆள் கிடங்குக்குப் போய் அந்த வார்த்தையச் சொன்னா பெட்டி கையில வரும்.

"இப்ப என்ன ஆகுதுன்னா, வேற எவனோ முன்னாடியே போய் அந்த வார்த்தையச் சொல்லிப் பெட்டிய வாங்கிட்டுப் போயிடறான். அப்புறம் போற ஆஸ்பத்திரி ஆளு, கிடங்கு வாசல்ல கையப் பெசஞ்சுக்கிட்டு நிக்கறான். போன வாரம் ஒரு குழந்தைக்கு ஊசி தப்பிப்போச்சு. அதோட அப்பன் இங்க வந்து என் சட்டையப் புடிச்சான்."

"ஆஸ்பத்திரியில யாராச்சும்..."

"ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆஸ்பத்திரி. ஒருத்தன ஒருத்தனுக்குத் தெரியாது."

"கிடங்குல?"

"கிடங்கு இன்னும் பல கம்பெனிக்கு இதே மாதிரி குடுக்குது. அங்கெல்லாம் ஒரு பெட்டி தொலையல. சொல் எல்லாமே தெரிஞ்ச இடம் என் புரோகிராம் ஒண்ணுதான். அத எழுதினவளும் ஒருத்திதான். என் தம்பி பொண்டாட்டி. தம்பி கப்பல்ல வேலை பாக்கறான், இவ இங்க என் வீட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டு எனக்கே குழி பறிக்கறா."

கதவத் தட்டாம ஒருத்தர் உள்ள வந்தாரு. தொப்பை, வாசனை, கையில டீ. ஆனா டீ ஒண்ணே ஒண்ணுதான், அதுவும் அவருக்கு.

"இவங்கதானா அந்த ஷெர்லாக்கு மூஞ்சிங்க? என் பேரச் சொல்லி உள்ள வந்தீங்களாமே?"

"உங்க பேரு அவ்வளவு ருசிங்க"ன்னான் குண்டூசி. "சொன்னதும் லிஃப்ட்டே கீழ எறங்கி வந்துச்சு."

"என் மச்சினன்"னாரு முதலாளி. மொத தடவையா குரல் கொஞ்சம் எளகிச்சு. "எங்க வீட்டம்மாவோட தம்பி. குளிர்லாரி கம்பெனி வெச்சிருக்கான். எனக்கு வலது கை மாதிரி. இந்த ஏசி, டீ மெஷின், வை-ஃபை எல்லாம் இவன் போட்டதுதான்."

"எங்க லாரி குளுக்கோஸும் பஞ்சும்தான் ஏத்தும்"னாரு லாரிக்காரர், யாரும் கேக்காமலே. "ஊசிப் பெட்டி பக்கமே நாங்க வர்றதில்ல. மாமா, இந்தப் பொம்பளைய இன்னும் எதுக்கு மீட்டிங் ரூம்ல உக்கார வெச்சிருக்கீங்க? இழுத்து ஜீப்புல ஏத்தாம?"

அந்த 'மாமா' காதுல விழுந்ததும் குண்டூசி திரும்பி மஃப்ளரப் பாத்தான். தான் கூப்பிடற மாதிரியே இருந்துச்சு, அதே இழுப்பு.

மீட்டிங் ரூம்ல ஏசி ஒழுகி, கீழ வெச்ச பக்கெட்டுல சொட்டிக்கிட்டு இருந்துச்சு. அந்தப் பொண்ணு நிமிந்து பாத்துச்சு. அழுத கண்ணு இல்ல. கடிக்கற கண்ணு.

"ஒத்துக்க வைக்க வந்தவங்களா? கயிறு கொண்டு வந்திருக்கீங்களா, இல்ல இங்கயே வாங்கணுமா?"

"கயிறு கார்ல இருக்கு. சாவிதான் என்கிட்டக் குடுக்க மாட்டேங்கறாரு"ன்னான் குண்டூசி.

அவ சிரிக்கல. "என் போனப் புடுங்கி வெச்சுக்கிட்டாங்க. என் வீட்டுக்காரர் நடுக்கடல்ல இருக்காரு. கரைக்கு வந்து போன் போடறப்ப நான் ஜெயில்ல இருப்பேன். அவருக்கு மொதல்ல கதை சொல்லப்போறது எங்க அத்தான், அதான் இந்த முதலாளி. அண்ணன் சொல்லித் தம்பி நம்பாம இருப்பாரா? எனக்கு வேலை போறது பெருசில்ல சார். வீடே போகுது. அதனால என்ன வேணா கேளுங்க, ஒத்துக்கோன்னு மட்டும் கேக்காதீங்க."

மஃப்ளர் நாற்காலிய இழுத்துப் போட்டாரு. "சொல் இங்கேர்ந்து கிடங்குக்குப் போற வழியில எவனாச்சும் ஒட்டுக் கேக்க முடியுமாம்மா?"

"முடியாது. பேச்சு பூட்டிப் போகும். அதுவும் எதிராளி யாருன்னு தெரிஞ்சுக்கிட்டுதான் புரோகிராம் வாயையே தெறக்கும்."

"எப்படித் தெரியும்?"

"எதிராளி ஒரு அட்டை காட்டணும். 'நான்தான் கிடங்கு'ன்னு அதுல இருக்கும். அது சரின்னு யாராவது முத்திரை குத்தியிருக்கணும். யார் யார் முத்திரைய நம்பலாம்னு புரோகிராமுக்குச் சொல்லி வெச்சிருப்போம். நம்பாத முத்திரைன்னா பேசாது, லைன வெட்டிடும்."

"ஒரே ஒரு கிடங்கு, ஒரே ஒரு முத்திரை. அவ்வளவுதானே?"

"இல்ல. புரோகிராம் லாரிக் கம்பெனிகிட்டயும் பேசும். லாரி எங்க வருது, உள்ள குளுமை சரியா இருக்கான்னு கேக்கும். கிடங்கோட அட்டையில இருக்கறது ஊரறிஞ்ச முத்திரை. லாரிக்காரர் சிக்கனம் புடிச்சு முத்திரைய அவரே வீட்டுல செஞ்சுக்கிட்டாரு. தப்பில்ல, லாரி விஷயத்துக்கு அது போதும். அதுக்காகத்தான் ரெண்டையும் நான் தனித்தனியா வெச்சேன். ஜாவாங்கற புரோகிராம் மொழியில அதுக்கு எஸ்.எஸ்.எல். கான்டெக்ஸ்ட்னு பேரு. ஒவ்வொரு வழிக்கும் தனி நம்பிக்கை. கிடங்குகிட்டப் பேசறப்ப கிடங்கோட முத்திரைய மட்டும் நம்பு. லாரிகிட்டப் பேசறப்ப லாரி முத்திரைய மட்டும் நம்பு. ஒண்ண இன்னொண்ணுல கலக்காத."

மஃப்ளர் கழுத்துத் துணிய இறுக்கிக்கிட்டாரு. ஏதாவது தட்டுப்பட்டா அப்படித்தான் செய்வாரு.

"கீழ உங்க செக்யூரிட்டிக்கும் இப்படித் தனித்தனியாச் சொல்லி வெச்சிருக்கா?"

"அவருக்கா?" அவ உதட்டைச் சுழிச்சா. "லாரிக்காரர் பேரச் சொன்னா கக்கூஸ்லேர்ந்து கல்லாப்பெட்டி வரைக்கும் எல்லாம் தெறக்கும். லாரி எறக்கறப்ப மட்டும் விடுங்கன்னு சொன்னா, வீட்டு ஆளுக்கு என்ன கணக்குன்னு எங்க அத்தான் கத்துவாரு."

குண்டூசி வாயில கைய வெச்சுக்கிட்டான். அந்த வழியில வந்தவனே அவன்தானே.

"உங்க புரோகிராம்ல வேற யாராவது கை வெச்சாங்களா?"

அவ யோசிச்சா. "எங்கம்மாவுக்கு ஆபரேஷன்னு லீவுல இருந்தேன். அந்தச் சமயம் லாரிக்காரர் முத்திரைய மாத்திட்டாராம், லாரித் தொடர்பு அறுந்துபோச்சாம். அத்தானே சரி பண்ணிட்டாரு. எப்படிப் பண்ணீங்கன்னு கேட்டேன். 'நீ ஸ்கூல் பை தூக்கறப்பவே நான் ஜாவா எழுதினவன்'னாரு. வேற வேலையில தள்ளி விட்டுட்டாரு, நான் அப்புறம் அதத் தெறந்தே பாக்கல."

"திருட்டு ஆரம்பிச்சது?"

"நான் லீவு முடிஞ்சு வந்ததுக்கு அப்புறம்." சொல்லிட்டு அவளே நிறுத்திட்டா.

மஃப்ளர் எழுந்து நேரா முதலாளி ரூமுக்குப் போனாரு. குண்டூசி பின்னாடியே ஓடினான்.

"ஒத்துக்கறாங்க"ன்னாரு மஃப்ளர்.

குண்டூசிக்குத் தூக்கி வாரிப்போட்டுச்சு. முதலாளி மொகத்துல வெளிச்சம். லாரிக்காரர் அடுத்த டீயச் சத்தமா உறிஞ்சினாரு.

"ஒரே ஒரு கண்டிஷன். எப்படித் திருடினாங்கன்னு எல்லார் முன்னாடியும் ஓட்டிக் காட்டுவாங்க. அவங்க லேப்டாப்பத் திருப்பிக் குடுங்க. எல்லாரும் மீட்டிங் ரூமுக்கு வாங்க."

வழியில குண்டூசி அவர் கையப் புடிச்சான். "என்ன மாமா இது? அந்தப் பொண்ணு எப்ப ஒத்துக்கிச்சு?"

"நீ லாரிக்காரர் பேரச் சொன்ன. நான் அந்தப் பொண்ணு பேரச் சொன்னேன். கதவு தெறந்துச்சா இல்லயா?" மஃப்ளர் குரலத் தாழ்த்தினாரு. "அந்த ரூம் சுவத்துல வை-ஃபை டப்பா மாட்டியிருக்கு. அதுக்குக் கீழ போய் உக்காரு. யார் எழுப்பினாலும் எழுந்திருக்காத."

"எங்கயாவது உக்காருன்னு சொன்னா நான் எழுந்திருச்சதா சரித்திரமே இல்லயே"ன்னு போய் உக்காந்தான்.

லேப்டாப் வந்துச்சு. "ஒத்துக்கிட்டேன்னு சொன்னீங்களா?"ன்னு அவ பல்லக் கடிச்சா. மஃப்ளர் காதுல விழாத மாதிரி நின்னாரு. "தெறங்கம்மா. மொத வரிலேர்ந்து படிங்க."

படிச்சா. மொகம் மாறிச்சு. திரையத் திருப்பி எல்லாருக்கும் காட்டினா.

"என்னோட ரெண்டு கான்டெக்ஸ்டயும் காணோம். மேல ஒரு வரி புதுசா இருக்கு. மொத்தப் புரோகிராமுக்கும் ஒரே நம்பிக்கை. அதுல கிடங்கு முத்திரையோட லாரிக்காரர் முத்திரையும் சேந்து கெடக்கு. இத எழுதினது யாரு?"

"நான்தான்"னாரு முதலாளி, பெருமையா. "எதுக்கு ரெண்டு ரெண்டா? எல்லாம் நம்ம ஆளுங்க. ஒரே குடும்பம், ஒரே சாவி. அன்னைக்கே ஓட ஆரம்பிச்சுது. உன்ன மாதிரி இழுத்தடிக்கல."

"அந்த வரிய எடுங்க. உங்க பழசத் திருப்பி வைங்க"ன்னாரு மஃப்ளர். "கிடங்கக் கூப்பிடுங்க."

விரலு தடதடன்னு ஓடுச்சு. அவ தட்டி முடிச்சா. ஒரு நொடி ஒண்ணுமில்ல. பக்கெட்டுல ஒரு சொட்டு விழுந்துச்சு. அப்புறம் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. தொடர்பு அறுந்துச்சு.

லாரிக்காரர் டீய மேசையில வெச்சுட்டுக் கை தட்டினாரு. "பாத்தீங்களா மாமா! ஒழுங்கா ஓடிக்கிட்டிருந்தத ஒடச்சுப்புட்டா! இவ எழுதற லட்சணம் இதுதான்!"

முதலாளி மேசையில அடிச்சாரு. "போதும் நாடகம்! இன்ஸ்பெக்டரக் கூப்பிடறேன். உங்களுக்கும் சேத்துக் கம்ப்ளைண்ட் குடுக்கறேன். வெளிய போங்கய்யா ரெண்டு பேரும்!"

அவ அந்தச் சிவப்பையே பாத்துக்கிட்டு இருந்தா. அழுவான்னு குண்டூசி நெனச்சான். அழல. மெதுவா நிமிந்து மஃப்ளரப் பாத்தா. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல பொறி தட்டுச்சு.

"மாப்ள, உன் போன்ல நெட் இருக்கா?"

"இருக்கு. அக்கா பாட்டுப் பாக்கக் கேட்டாக்கூடக் குடுக்காம சேத்து வெச்சிருக்கேன்."

"அந்தப் பொண்ணுக்குக் குடு. உக்காந்த எடத்துலேர்ந்தே குடு."

அவ ஆபீஸ் வை-ஃபைய வெட்டிட்டு, குண்டூசி போன் வழியா லேப்டாப்ப இணைச்சா. ஒரு எழுத்தக்கூட மாத்தல. அதே புரோகிராம். திருப்பி ஓட்டினா.

பச்சை. 'கிடங்கு: சரி.'

லாரிக்காரர் டீய மறுபடி கையில எடுத்துக்கிட்டாரு.

"புரோகிராம் அதேதான், கிடங்கும் அதேதான்"னாரு மஃப்ளர். "மாறினது வழி மட்டும். என் மச்சினன் போன் வழியாப் போனா நெஜக் கிடங்கு வருது. இந்த ஆபீஸ் வை-ஃபை வழியாப் போனா வேற எவனோ கிடங்கு வேஷம் கட்டிக்கிட்டு நடுவுல நிக்கறான். இவங்க எழுதினதுதான் அவனப் பாத்து 'நீ யாருடா'ன்னு கேட்டுச்சு. அந்தச் சிவப்பு ஒடஞ்சதால வந்ததில்ல சார். திருடனப் புடிச்சதால வந்தது. அம்மா, அவன் காட்டின அட்டையில யார் முத்திரைன்னு பாத்துச் சொல்லுங்க."

அவ படிச்சா. "கிடங்கு பேருல அட்டை. கீழ முத்திரை லாரிக் கம்பெனியோடது."

"லாரிக்காரர் தான் மாட்டின வை-ஃபைல காட்டறதுக்கு அவரே அடிச்சு, அவரே குத்திக்கிட்ட அட்டை. லாரிக்காரர் சொன்னாச் சரின்னு உங்க புரோகிராம் நம்புச்சு, ஏன்னா நீங்க அப்படி நம்பச் சொல்லி வெச்சீங்க. கீழ செக்யூரிட்டிகிட்டச் சொல்லி வெச்ச மாதிரியே. ரகசியச் சொல்ல நடுவுல கேட்டுட்டு, நல்ல புள்ளையாட்டம் நெஜக் கிடங்குக்கும் தள்ளிவிட்டாரு. அதனால யாருக்கும் சந்தேகம் வரல, அவர் ஆளு முந்திப் போய்ப் பெட்டிய வாங்கிட்டான்."

"எவனோ எங்க முத்திரையத் திருடியிருப்பான்!" லாரிக்காரர் டீயோடயே டப்பாவக் காட்டினாரு. "மாமா, இந்த வை-ஃபைல ஏதோ கோளாறு, நான் கழட்டிட்டு வேற மாட்டறேன்..."

ரெண்டே எட்டுல சுவத்துக்கிட்ட வந்துட்டாரு. குண்டூசி அசையல. நிமிந்து டப்பாவப் பாத்தான், அப்புறம் அவரப் பாத்தான்.

"எழுந்திருய்யா!"

"முடியாதுங்க. எங்க மாமா சொல்லியிருக்காரு."

"என் மாமா ஆபீஸ்டா இது!"

"அதான் தெரியுதே. உங்க மாமா உங்களுக்கு எல்லாத்தையும் குடுத்துட்டாரு, பாவம். எங்க மாமா எனக்கு இந்த நாற்காலிய மட்டும்தான் குடுத்தாரு. இதையாவது ஒழுங்காப் பாத்துக்கறேன்."

தொப்பையால முட்டித் தள்ளப் பாத்தாரு. டீ குண்டூசி தலையில கொட்டுச்சு. சூடு சுர்ருன்னு ஏறுச்சு, ஆனா எழுந்திருக்கல. நாற்காலிக் கால ரெண்டு காலாலயும் கவ்விக்கிட்டான்.

"அக்காவுக்குப் போன் போடறேன்!"னு கத்தினாரு லாரிக்காரர். "மாமா, சொல்லுங்க! அக்காகிட்ட நீங்க பதில் சொல்லணும்!"

முதலாளி அந்தப் பச்சை எழுத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

மேசை மேல போன் அடிச்சுச்சு. கீழ இன்ஸ்பெக்டர் வந்து நிக்கறாரு, உள்ள விடலாமான்னு செக்யூரிட்டி கேட்டாரு. மஃப்ளர்தான் எடுத்தாரு.

"லாரிக்காரரப் பாக்க வந்திருக்காரு. அனுப்புங்க."

மறுகேள்வி இல்ல. லிஃப்ட் ஏற ஆரம்பிச்சுச்சு.

லாரிக்காரரையும் சுவத்துலேர்ந்து கழட்டின டப்பாவையும் ஒண்ணாத்தான் கொண்டு போனாங்க. போறப்பவும் அக்கா, அக்கான்னு கத்திக்கிட்டேதான் போனாரு. சத்தம் லிஃப்டுக்குள்ள மூடின அப்புறம் முதலாளி தொண்டையச் செருமினாரு.

"இந்தா பாரும்மா... ஏதோ கோவத்துல... நீ நம்ம வீட்டுப் பொண்ணு. தம்பிகிட்ட இதெல்லாம் சொல்ல வேணாம். நாளைலேர்ந்து பழையபடி வா. வீட்டுலயும் யாரும் ஒண்ணும் பேச மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

முதலாளி மேசை மேல திருப்பி வெச்ச தன் போன அவ எடுத்துக்கிட்டா. லேப்டாப்ப மூடினா. மொத தடவையா அந்த மனுஷனுக்கு நேரா நின்னா.

"வேலைக்கு வர்றேன் சார்."

அந்த 'சார்' அறை வாங்கின மாதிரி விழுந்துச்சு அவருக்கு.

"உங்களுக்காக இல்ல. அந்தப் புரோகிராம நம்பி ஊசிக்குக் காத்துக்கிட்டு கெடக்கறவங்களுக்காக. என் ரெண்டு கான்டெக்ஸ்டும் அப்படியே இருக்கணும், யாரும் தொடக் கூடாது. வீட்டுக்கு வர மாட்டேன். எங்கம்மாகிட்ட இருந்துக்கறேன். என் வீட்டுக்காரர் கரை எறங்கறப்ப நானே போய் நின்னு நானே சொல்லிக்கறேன். ஆபீஸ் கதவுக்கு உங்கள நம்பறேன். வீட்டுக் கதவுக்கு இல்ல."

பதிலுக்குக் காத்திருக்கல. ஒழுகற பக்கெட்டத் தாண்டி நடந்து போயிட்டா.

கார் கிட்ட வந்து மஃப்ளர் கழுத்துத் துணிய அவுத்து, குண்டூசி தலையத் தொடச்சு விட்டாரு. செவந்து கெடந்துச்சு. பாவமா இருந்திருக்கணும். பாக்கெட்டுல கைய விட்டு, சாவிக்கொத்த அப்படியே முழுசா நீட்டினாரு. காரு, ஆபீஸு, வீடு, பீரோ எல்லாம்.

"புடி."

இத்தன வருஷம் குண்டூசி கனாக் கண்ட கொத்து. வாங்கிக் கையில எடை பாத்தான். மேல அந்தக் கட்டடத்தோட மீட்டிங் ரூம் ஜன்னல நிமிந்து பாத்தான். அந்த இழுத்த 'மாமா' இன்னும் காதுல கேட்டுச்சு.

நகத்தால நெம்பி, கார் சாவிய மட்டும் கழட்டிக்கிட்டான்.

"மீதிய நீங்களே வெச்சுக்கோங்க மாமா. வண்டி ஓட்ட இது போதும்."